அணைத்த படத்திலிருந்து தொடங்குங்கள்: ஒலி-ஒளி வடிகட்டி நிறமாலைப் படமானியில் கோளாறு காணும் வழி

காட்பாடியில் மேற்கு பார்த்த ஒரு மாடி அறையில், ஒலி-ஒளி வடிகட்டி வைத்த ஒரு நிறமாலைப் படமானியை (ஒரே காட்சியை நிறம் நிறமாகப் பிரித்துப் படமெடுக்கும் கருவியை) மேசைமேல் கட்டி, சில ஆண்டுகளாக மாணவர்களுடன் இயக்கி வருகிறேன். நிலவிலும் செவ்வாயிலும் பணிசெய்த கருவிகளின் எளிய வடிவம் அது. கோளாறுகளும் பெரும்பாலும் அவற்றின் கோளாறுகளே. கருவி தவறாக நடந்துகொள்ளும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெல்லூரியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றின் பக்கத்தில் லித்தியம் நியோபேட் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தகட்டுக்கு ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) மின்னலை கொடுத்தால் அது படிகத்துக்குள் ஒலியலையை அனுப்பும். அந்த ஒலியலை, உள்ளே வரும் வெள்ளொளியிலிருந்து ஒரு குறுகிய நிறத்தை மட்டும் எடுத்து, அதன் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, செங்குத்தாகத் திருப்பி, சில டிகிரி விலக்கி அனுப்பும். எந்த நிறம் என்பதை மின்னலையின் அதிர்வெண் முடிவு செய்கிறது. அதிர்வெண் ஏறினால் அலைநீளம் குறையும். நகரும் பாகம் ஒன்றும் கிடையாது. ஹாரிஸும் வாலஸும் 1969-இல் இந்த வகை வடிகட்டியை முன்வைத்தார்கள். இன்று படமெடுக்கப் பயன்படும் சாய்கோண அமைப்பை 1974-இல் சாங் செய்து காட்டினார். 2003-இல் ஏவப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸ் செவ்வாய்க் கலத்தின் ஸ்பிகாம், 2013 டிசம்பரில் நிலவில் இறங்கிய சீனாவின் யுடு ஊர்தியின் நிறமாலைமானி, செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் சூப்பர்கேம், சந்திரயான்-3 உந்துகலத்தின் ஷேப் ஆகிய எல்லாவற்றிலும் இவ்வகை வடிகட்டியே இருந்தது.

கோளாறு காண்பவருக்கு இந்தக் கருவி தரும் பெரிய வசதி ஒன்று உண்டு. ஆர்எஃப்பை அணைத்துவிட்டால் வடிகட்டியே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆனால் லென்ஸ், கண்ணாடி, முனைவாக்கி, கேமரா, விளக்கு எல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே ஆர்எஃப்பை அணைத்துவிட்டு எடுக்கும் ஒரு படம், கோளாறு வடிகட்டியின் இப்பக்கமா அப்பக்கமா என்று பிரித்துச் சொல்லிவிடும். கீற்றணி வைத்த நிறமாலைமானியில் இந்த வசதி இல்லை, கீற்றணியை அணைக்க முடியாது.

எந்த அறிகுறியானாலும் திருகாணியைத் தொடும் முன்பு நான்கு படங்களை எடுத்து வைத்துக்கொள்ளவும். லென்ஸ் மூடியிட்டு ஆர்எஃப் அணைத்த படம் ஒன்று, மூடியிட்டு ஆர்எஃப் இயக்கிய படம் ஒன்று, மூடி திறந்து அணைத்த படம் ஒன்று, திறந்து இயக்கிய படம் ஒன்று. நான்கிலும் கேமராவின் வெளிச்ச நேரமும் பெருக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மூடியிட்ட இரண்டு படங்களும் ஒன்றுபோல் இல்லாவிட்டால், ஆர்எஃப் கேமராவின் மின்சுற்றில் கசிகிறது என்று பொருள். அது ஒளியியல் கோளாறே அன்று. கேபிளின் கவசத்தையும் தரை இணைப்பையும் பார்த்தால் போதும். எங்கள் அறையில் வந்த முதல் கோளாறே இதுதான். சாய்ந்த கோடுகள் படத்தில் ஓடுவதைப் பார்த்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

படமே வரவில்லை

திறந்து இயக்கிய படமும் திறந்து அணைத்த படமும் ஒன்றாகவே இருட்டாக இருந்தால், வடிகட்டி நிறம் எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபையருக்கும் படிகத்துக்கும் இடையில் உள்ள சிறு திருகு இணைப்பிலேயே பாதிக் கோளாறுகள் முடிந்துவிடும்; அதைக் கழற்றி, நடுமுள் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும். கழற்றும் முன் ஆர்எஃப்பை அணைக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்வேன்: சுமை இல்லாத ஆம்ப்ளிஃபையர் அனுப்பிய திறன் முழுவதும் அதற்கே திரும்பி வந்து கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். இணைப்பு சரியாக இருந்தால் திரும்பி வரும் திறனை அளக்கவும். எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ முழுத் திறனும் திரும்பினால், ஒலித்தகட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி அறுந்திருக்கலாம், அல்லது பொருத்துச் சுற்று போயிருக்கலாம். திறன் உள்ளே போகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் பகுப்பு முனைவாக்கியை, அதாவது படிகத்துக்குப் பின்னால் நின்று முனைவாக்கம் திரும்பிய ஒளியை மட்டும் கேமராவுக்கு விடும் முனைவாக்கியை, சந்தேகிக்கவும். யாரோ அதை 90 டிகிரி திருப்பி மாட்டியிருப்பார்கள். அப்போது அணைத்த படம் இருட்டாக இருக்காது, கண்ணைக் கூசும். அந்த வேறுபாட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எந்த அலைநீளத்திலும் ஒரே படம், வெளிறிய தோற்றம்

450-இலும் 900 நானோமீட்டரிலும் படம் ஒன்றுபோல் இருக்கிறது, நிறமாலை தட்டையாக வருகிறது என்றால், வடிகட்டப்படாத வெள்ளொளி கேமராவுக்குள் கசிகிறது. இதில் தயக்கத்துக்கு இடமில்லை: அணைத்த படத்தில் பொருள் தெரிந்தால் அது கசிவுதான்.

வேலூரைச் சுற்றிய குவாரிகளில் உடைக்கும் கருங்கல்லில் சார்னோகைட் என்ற பாறைவகை உண்டு. அதில் உள்ள ஆர்த்தோபைராக்சின் கனிமம் 0.9 மைக்ரான் அருகிலும் 1.9 மைக்ரான் அருகிலும் ஒளியை உறிஞ்சும்; நிறமாலை வரைபடத்தில் அவ்விடங்களில் பள்ளம் விழும். நிலவின் பாறைகளில் பைராக்சின் நிறைய உண்டு என்பதால், யுடுவின் நிறமாலைமானி தேடியதும் இந்தப் பள்ளங்களையே. ஜல்லிக் கல் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எங்கள் நிரந்தர மாதிரியாக வைத்திருக்கிறோம். பள்ளத்துக்கு வெளியே கேமரா காட்டும் ஒளியின் எண்ணிக்கை 20, பள்ளத்தின் அடியில் 15 என்று வைத்துக்கொள்வோம்; பள்ளத்தின் ஆழம் கால் பங்கு. இதில் எல்லா அலைநீளத்துக்கும் பொதுவாக 20 எண்ணிக்கை கசிந்தால், 40-க்கு 35 என்றாகி, ஆழம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பள்ளம் இடம் மாறவில்லை, வடிவமும் கெடவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர் கல்லில் பைராக்சின் குறைவு என்று எழுதிவிடுவார். கருவியின் கசிவு கல்லின் வேதியியலாக மாறிவிடுகிறது. இந்த அறிகுறியை முன்னால் வைத்துப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

நீக்கும் வழி இது: ஆர்எஃப்பை அணைத்து, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பகுப்பு முனைவாக்கியை மிக மெதுவாகத் திருப்பவும். இருட்டு ஆழமாகிக்கொண்டே போய் மறுபடி வெளுக்கத் தொடங்கும். ஆழமான இடத்தில் நிறுத்தி இறுக்கவும். இறுக்கும்போது திருகு சிறிது இழுக்கும் என்பதால், இறுக்கிய பின்பும் ஒருமுறை பார்க்கவும். அதற்குப் பிறகும் படத்தின் ஒரு மூலையில் மட்டும் வெளுப்பு நின்றால், விலகாத கற்றை கேமரா லென்ஸின் ஓரத்துக்குள் புகுகிறது. கருப்பு வெல்வெட் ஒட்டிய சிறு அட்டை ஒன்றை அதன் பாதையில் வைத்தால் போதும். எஞ்சிய கசிவை, ஒவ்வொரு அலைநீளப் படத்திலிருந்தும் அணைத்த படத்தைக் கழித்து நீக்கலாம். ஆனால் கழிப்பதை முதல் மருந்தாக வைத்துக்கொள்ள வேண்டாம். கழித்தாலும் கசிந்த ஒளியின் இரைச்சல் படத்திலேயே தங்கிவிடும்.

தெரிந்த கோடு தவறான அலைநீளத்தில் நிற்கிறது

இதைச் சோதிக்க விலை உயர்ந்த அளவீட்டு விளக்கு தேவையில்லை. சோக் வைத்த பழைய டியூப் லைட்டில் பாதரசத்தின் 435.8, 546.1 நானோமீட்டர்க் கோடுகள் உண்டு. பழைய சுவிட்ச் போர்டில் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும் சிறு நியான் பல்பில் 585.2, 640.2, 703.2 கிடைக்கும். கட்டடம் முழுக்க எல்இடி விளக்காக மாற்றியபோது எங்கள் அறையில் மட்டும் ஒரு டியூப் லைட்டை விட்டுவைக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார். எல்இடியில் கூர்மையான கோடு கிடையாது. பகலில் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தால் 760 நானோமீட்டர் அருகே நம் காற்றின் ஆக்சிஜன் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதுவும் நல்ல அடையாளம்.

கோடு நகர்ந்திருந்தால், எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் நகர்ந்தனவா என்று முதலில் பார்க்கவும். எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் வெப்பம். படிகத்தில் ஒலியின் வேகமும், இரு ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாடும் வெப்பத்தோடு மாறும். அதே அதிர்வெண் காலையில் ஒரு நிறத்தையும் பிற்பகலில் சற்றே வேறொரு நிறத்தையும் எடுக்கும். கத்திரி வெயிலில் காட்பாடி மாடி அறைக்கு இது சாதாரணம்: காலையில் 30 டிகிரி, மூன்று மணிக்கு 40. படிகம் அறையின் வெப்பத்தை மட்டும் வாங்குவதில்லை, தனக்குள் போகும் ஆர்எஃப் திறனாலும் சூடேறுகிறது. இயக்கத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும்.

அறை வெப்பமா, ஆர்எஃப் சூடா என்பதை ஒரு சோதனையில் பிரிக்கலாம். பாதரசத்தின் 546.1 கோட்டைச் சுற்றிய குறுகிய பகுதியை மட்டும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வருடி, இடைப்பட்ட நேரத்தில் ஆர்எஃப்பை அணைத்து வைக்கவும். கோட்டின் உச்சி அசையாமல் நின்றால், முன்பு கண்ட நகர்வுக்குக் காரணம் ஆர்எஃப் சூடே. அப்போதும் மெதுவாக ஒரே திசையில் ஊர்ந்தால் அறை. ஆர்எஃப் சூட்டுக்கு மருந்து, படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஆர்எஃப்பை இயக்குவது. வெளிச்ச நேரம் 20 மில்லி விநாடி என்றால் ஆர்எஃப்பும் அவ்வளவு நேரமே இயங்கட்டும். அறை வெப்பத்துக்கு மருந்து, படிகத்தின் உலோக உறையில் ஒரு வெப்ப உணரியை ஒட்டி, வெப்பநிலைக்கு ஏற்ற அதிர்வெண் அட்டவணையை ஒரு வாரம் பொறுமையாக உட்கார்ந்து தயாரிப்பது. ஏசி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஏசி நின்று ஓடும் கருவி; மின்தடைக்குப் பிறகு அறை குளிர்ந்துவிடும், உலோக உறை குளிர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

விண்வெளிக் கருவிகளிலும் இந்த அட்டவணை இருந்தே தீரும். சூரிய ஒளியின் அறிந்த கோடுகளையும், செவ்வாய் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு வெட்டும் பள்ளங்களையும் வைத்து அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கே நம் டியூப் லைட் இல்லை, ஆனால் சூரியன் இருக்கிறது.

கோடுகள் ஒரே பக்கம் நகராமல், நீலத்தில் சரியாகவும் சிவப்பில் தவறாகவும் இருந்தால் அது வெப்பம் இல்லை. அலைநீளத்தை அதிர்வெண்ணாக மாற்றும் சூத்திரத்தை யாரோ நேர்கோடாகவோ எளிய தலைகீழ் விகிதமாகவோ எழுதியிருப்பார்கள். படிகத்தின் இரட்டை விலகல், அதாவது மேலே சொன்ன இரு ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு, நீலத்தில் அதிகம், சிவப்பில் குறைவு. ஆதலால் வளைவு எளிய தலைகீழ் விகிதத்திலிருந்து விலகும். ஐந்தாறு கோடுகளை அளந்து வளைவைப் பொருத்துவதுதான் வழி.

ஒரே நேரத்தில் இரண்டு நிறங்கள்

மாணவி ஒருத்தி முள் கத்திரிக்காய்ச் செடியின் இலையை வைத்து நிறமாலை எடுத்தாள். பச்சை இலை 700 நானோமீட்டருக்கு மேல் திடீரென்று வெளுக்கும் என்பது பாடம். இலையின் வரைபடத்தில் அந்த ஏற்றம் சரியாகவே வந்தது. பக்கத்தில் இருந்த பச்சை எல்இடியும் 900-இல் மின்னியதுதான் சிக்கல். "சார், எல்இடி அகச்சிவப்பு தருமா?" என்று கேட்டாள். பச்சை எல்இடி 900-இல் ஒன்றும் தராது. அது நல்ல கேள்வி, கோளாற்றைப் பிடித்துக் கொடுத்த கேள்வி.

ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைவரை முறுக்கினால், கொடுத்த அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கும் சேர்ந்து வெளிவரும். 900 நானோமீட்டருக்கு உரிய அதிர்வெண்ணின் இரு மடங்கு, குறுகிய அலைநீளம் ஒன்றையும் கூடவே திறந்துவிடும். அது பாதியான 450-இல் விழாது. மேலே சொன்ன இரட்டை விலகல் வேறுபாட்டால் சற்று மேலே, பச்சைப் பக்கத்தில் விழும். அணைத்த படத்தில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, ஏனெனில் ஆர்எஃப்போடு பிறந்து ஆர்எஃப்போடு மறைவது இது. அணைத்த படம் சுத்தமாக இருந்தும் நிறமாலையில் இருக்கக் கூடாத ஒளி இருந்தால் மின்னலையின் தூய்மையைச் சந்தேகிக்கவும்.

சோதனை எளிது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பச்சை எல்இடி ஒன்றை மட்டும் காட்டி, 900-க்கு வைத்துப் படமெடுக்கவும். படம் வந்தால் இரண்டாம் மடங்கு இருக்கிறது. ஆர்எஃப் திறனைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கவும். எல்இடியின் படம் பாதிக்கும் மிகக் கீழே விழுந்தால் ஐயமில்லை. ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் மின்வடிகட்டி ஒன்றை இணைப்பதும், நீண்ட அலைநீளங்களை எடுக்கும்போது லென்ஸின் முன் சிவப்புக் கண்ணாடி ஒன்றை வைப்பதும் தீர்வு. எங்களுக்குக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

ஃபாப்ரி-பெரோ வகைக் கருவியில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. இரு கண்ணாடிகளுக்கு இடையிலான இடைவெளி ஒரே சமயத்தில் பல வரிசைகளைக் கடத்தும். வரிசைகளைப் பிரிக்கும் முன்வடிகட்டியோ நிற உணரியோ தவறினால் இரண்டு மூன்று நிறங்கள் கலந்து வரும். அங்கே ஆர்எஃப்பைத் தேடிப் பயனில்லை.

நிறம் மாறும்போது படம் நகர்கிறது, அல்லது ஒரு திசையில் மட்டும் மங்குகிறது

விலகும் கோணம் அலைநீளத்தோடு சிறிது மாறும். படிகம் வெட்டுபவர்கள் வெளியேறும் முகத்தைச் சாய்த்து வெட்டி இதைப் பெருமளவு ஈடுசெய்வார்கள். எஞ்சும் நகர்வு சில பிக்சல்கள் இருக்கும், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். கட்டம் போட்ட தாள் ஒன்றை எல்லா அலைநீளத்திலும் படமெடுத்து, நகர்வையும் உருப்பெருக்க மாற்றத்தையும் அளந்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் முடிந்தது. பொருத்தாமல் விட்டால், கல்லில் இருவேறு கனிமங்கள் சந்திக்கும் எல்லையில் எந்தக் கனிமத்துக்கும் சொந்தமில்லாத நிறமாலை ஒன்று தோன்றும். அட்டவணை சரியாக இருந்தும் நகர்வு நாளுக்கு நாள் மாறினால் படிகத்தின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

மங்கலுக்குத் திசைதான் அடையாளம். கட்டத்தாளின் நிலைக்கோடுகள் மங்கி, கிடைக்கோடுகள் கூர்மையாக இருந்தால், மங்கல் ஒளி விலகும் தளத்தில் இருக்கிறது. வடிகட்டி எடுக்கும் சில நானோமீட்டர் அகலத்துக்குள் இருக்கும் நிறங்கள் சற்றே வேறுபட்ட கோணங்களில் போவதால் அது இயல்பாகவே சிறிது உண்டு. படிகத்தின் ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் கூடும். இரு திசையிலும் மங்கினால் அது வெறும் குவியக் கோளாறு, லென்ஸைத் திருப்பவும்.

இந்தச் சிக்கலையே தவிர்த்த ஒரு வடிவமைப்பும் உண்டு. 2018 அக்டோபர் 3-ஆம் தேதி ரியூகு சிறுகோளில் இறங்கிய மாஸ்காட் என்ற சிறு இறங்குகலத்தில் இருந்த மைக்ரோமேகா கருவி, வடிகட்டியைக் கேமராவின் முன் வைக்காமல் விளக்கின் முன் வைத்தது. பொருளின்மேல் விழும் ஒளியே ஒற்றை நிறம். படம் வரும் பாதையில் படிகம் இல்லாததால் படம் நகர வழியில்லை. சொந்த விளக்கால் ஒளியூட்டும் அளவுக்குச் சிறிய பொருளாக இருந்தால் மேசையிலும் இதைச் செய்யலாம். மலையையோ நிலவையோ படமெடுக்கும்போது முடியாது.

நிறமாலையில் பல் பல்லான ஏற்ற இறக்கம்

இதில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு பிற்பகல், 600 நானோமீட்டரைக் கடக்கும்போதெல்லாம் வெளிச்சம் சரிந்தது. ஆம்ப்ளிஃபையரை இரண்டு நாள் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் அதே நேரத்தில் 600-இலிருந்து தொடங்கி 450-க்குத் தலைகீழாக வருடியபோது, சரிவு வேறு அலைநீளத்துக்குப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தின் கிளை நிழல் மேசைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கருவி எல்லா நிறங்களையும் ஒரே நொடியில் பிடிப்பதில்லை; ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கணத்தில் பிடிக்கிறது. காலத்தில் நடக்கும் எதுவும் நிறமாலையில் அலைநீளமாக வேடமிட்டு வந்து நிற்கும். ஆகவே சந்தேகத்துக்குரிய எந்த மேடு பள்ளத்தையும், வருடும் வரிசையைத் தலைகீழாக்கியோ கலைத்துப் போட்டோ மறுபடி எடுக்கவும். இடம் மாறாதது பொருளுடையது. இடம் மாறியது காலத்துடையது. பத்துப் படங்களுக்கு ஒருமுறை ஒரே அலைநீளத்துக்குத் திரும்பி வந்து ஒரு சாட்சிப் படம் எடுப்பதும் நல்ல வழக்கம்.

சீரான பல் வரிசையாக இருந்தால் விளக்கைப் பார்க்கவும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். வெளிச்ச நேரத்தை 10 மில்லி விநாடியின் முழு மடங்குகளாக வைத்தால் பல் மறைந்துவிடும். அளவீட்டுக்கு டிசி மின்சாரத்தில் எரியும் ஹாலோஜன் விளக்கே பொருத்தம், காரின் பழைய முன்விளக்கும் பேட்டரியும்கூடப் போதும்.

வடிகட்டியின் வேகத்தை இதற்குக் குறை சொல்ல முடியாது. படிகத்தில் இந்த ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 650 மீட்டர் வேகத்தில் மெதுவாகவே போகும்; ஆனாலும் 10 மில்லிமீட்டர் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 15 மைக்ரோ விநாடி போதும். திரவப்படிக வடிகட்டிதான் மெதுவானது. நிறம் நிலைபெறப் பல மில்லி விநாடிகள் எடுக்கும், குளிரில் இன்னும் தாமதிக்கும். பிலிப்பைன்ஸின் திவாட்டா-1 போன்ற சிறு செயற்கைக்கோள்கள் அதைச் சுமந்து சென்றன. சுற்றுப்பாதையில் காலப் பிழை தூரமாகவும் மாறும்: தாழ்ந்த பாதையில் தரை விநாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், இரண்டு நிறங்களுக்கு இடையே 10 மில்லி விநாடி இடைவெளி விட்டாலே 70 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறோம். நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2017 ஜூன் 23-ஆம் தேதி பிஎஸ்எல்வி சி-38-இல் ஏறிய பின்லாந்தின் ஆல்ட்டோ-1, ஃபாப்ரி-பெரோ படமானியோடு இந்தக் கணக்கையும் சுமந்தே போனது. ஓரிடத்தில் நின்று படமெடுக்கும் ஊர்திக்கு இந்தத் தொல்லை இல்லை.

திறனைக் கூட்டினால் படம் இருளுகிறது

நம்ப முடியாத அறிகுறி, ஆனால் கணக்கு சொல்வதும் அதுதான். ஒலியின் திறன் ஏற ஏற விலகும் ஒளி ஓர் உச்சம் வரை ஏறி, பிறகு சரியும். அந்த உச்சத்துக்குத் தேவையான திறன் அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 900-க்கு வேண்டியது 450-க்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. உச்சத் திறனின் நான்கு மடங்கைக் கொடுத்தால், சைன் இருமடி விதிப்படி விலகும் ஒளி சுழியாகிவிடும். அதாவது 900-க்கு மிகப் பொருத்தமான திறனையே மாற்றாமல் 450-க்கும் கொடுத்தால், நீலத்தில் ஏறக்குறைய ஒன்றும் வராது. நீலத்தில் கேமரா குருடாகிவிட்டது என்று புகார் வந்தால் முதலில் திறனைக் குறைத்துப் பார்க்கவும். அலைநீளத்துக்கு ஒரு திறன் என்று அட்டவணை வைக்கவும்.

பொருளைத் திருப்பினால் நிறமாலை மாறுகிறது

வாணியம்பாடித் தோல் துண்டு ஒன்றை, மெருகேற்றிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் படமெடுத்து, பிறகு விளக்கைச் சாய்வாக நகர்த்தியபோது வெளிச்சம் பாதியாகிவிட்டது. கருவி பழுதுபடவில்லை. மெருகிலிருந்து சாய்வாகத் தெறிக்கும் ஒளி முனைவாக்கம் பெற்றது. நம் கருவியோ ஒரு முனைவாக்கத்தை மட்டுமே ஏற்கும். முனைவாக்கியைத் திருப்பிச் சரிசெய்ய முயன்றால் இரண்டாம் அறிகுறிக்குத் திரும்பிப் போவோம். மெருகு தேவையில்லை என்றால் தோலின் உட்புறத்தைக் காட்டவும். தேவை என்றால் விளக்கின் கோணத்தையும் பொருளின் திசையையும் குறித்து வைத்து இரண்டு நிலையில் எடுக்கவும். ஷேப் கருவி இதே குணத்தைப் பயனாக்கிக்கொண்டது. வடிகட்டியிலிருந்து பிரியும் இரு செங்குத்து முனைவாக்கக் கற்றைகளையும் அளந்து, நிலவுப் பாதையிலிருந்து பூமியின் நிறமாலையோடு முனைவாக்கத்தையும் பார்த்தது.

நடுவில் வெண்புகை, புள்ளிகள், குளிரிலும் வெற்றிடத்திலும் வருபவை

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குளிர்விக்கும் கேமராவின் கண்ணாடியில் பனி படியும். படத்தின் நடுவில் வட்டமான மங்கல் தோன்றி, குளிர்விப்பை நிறுத்திய கால் மணி நேரத்தில் மறைந்தால் அதுவே. உலர்த்தும் சிலிக்கா மணிகளை வெயிலில் காயவைப்பதோடு நிற்காமல் அடுப்பில் சூடாக்கி மாற்றவும். ஈரக்காற்றில் வெயில் மட்டும் போதாது. குறுஅகச்சிவப்புக் கேமராவில் கோடைக்கு வேறு நோய்: ஒளி விழாதபோதும் கேமராவில் ஓடும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ 7 முதல் 10 டிகிரிக்கு ஒருமுறை இரு மடங்காகும். காலையில் எடுத்த மூடியிட்ட படத்தை மாலையில் கழித்தால் மீதியில் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அணைத்த படத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுத்தால் தீரும்.

பொருளின் ஒளியை ஒப்பிட்டு அளக்க வைக்கும் வெண்பலகையாகக் குழாய் வேலைக்காரர்களின் டெஃப்லான் நாடாவைப் பல அடுக்காகச் சுற்றிப் பயன்படுத்துகிறோம். கட்டடத்தில் யாராவது துளை போடும் நாளில் அதில் தூசு படிந்து, எல்லா நிறமாலையும் நீலத்தில் பொய்யாக உயரும். நாடாவின் மேல் அடுக்கை உரித்துவிட்டால் போதும். யுடுவில் கருவியின் தூசு மூடியே வெண்பலகையாகவும் பயன்பட்டது. நிலவுத் தூசை மனதில் வைத்துச் செய்த சிக்கனம் அது.

வெற்றிடக் கலத்துக்குள் வைக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வைக்கவும். உள்ளே காற்றில்லாததால் படிகத்தின் சூடு உலோகப் பிடிப்பு வழியாக மட்டுமே வெளியேறும். மேசைமேல் தயாரித்த வெப்ப அட்டவணை அங்கே செல்லாது, புதிதாகவே தயாரிக்க வேண்டும். இன்னொன்று ஆபத்தானது. காற்று முழுமையாக வெளியேறும் முன், அரைகுறை அழுத்தத்தில், மின் பாய்ச்சல் மிக எளிதாக நிகழும். அப்போது ஆர்எஃப் இயங்கினால் இணைப்பு முனையில் ஊதா நிற ஒளிர்வு தோன்றி ஒலித்தகட்டின் பொன்பூச்சைக் கருக்கிவிடும். பம்பு ஓடத் தொடங்கியது முதல் அழுத்தமானி அடிநிலைக்கு வரும்வரை ஆம்ப்ளிஃபையரின் மின் இணைப்பையே பிடுங்கி வைக்கவும். மென்பொருளில் அணைத்திருக்கிறோம் என்பது போதாது. எங்கள் மென்பொருள், மின்தடை வந்து போனால் கடைசியாக இருந்த அதிர்வெண்ணைத் தானே மறுபடி இயக்கும், அதைக் கலத்தின் ஜன்னல் வழியே ஊதா ஒளியைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.